தாளோடு திரும்பாத கோணல்

ஜனவரி 1, வியாழன்

இந்த வருஷமும் டைரி ஓசிதான். சிவகாசியில் குடியிருந்துகொண்டு டைரியைக் காசு கொடுத்து வாங்கினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பக்கத்துத் தெரு பிரஸ்காரர் கொடுத்தது. அட்டை அழகாக இருக்கிறது, உள்ளே கோடு சரியில்லை. பக்கத்தின் நடுவில் கோடுகள் லேசாகத் தொய்ந்து கிடக்கின்றன, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி. எங்கள் பிரஸ்ஸில் இப்படி ஒரு தாள் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

நான் பள்ளிக்கூட நோட்டு போடும் பிரஸ்ஸில் செக்கிங். கோடு விழுந்து வரும் தாளை உருவி, வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடிப்பேன். மயிரிழை கோணல் இருந்தாலும் சொல்லிவிடுவேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு, இப்போது வாசிப்பதுகூட இடது கண்ணை நம்பித்தான். முதலாளி அண்ணாச்சியே புது மிஷின் வாங்கினால் முதல் தாளை என்னிடம்தான் நீட்டுவார். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், என் டைரி.

மகள் மதிவதனி திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து போனில் வாழ்த்து சொன்னாள். நர்சிங் இரண்டாம் வருஷம். "அம்மா, இந்த வருஷமாச்சும் டைரிய பிப்ரவரி தாண்டி எழுது" என்றாள். வாய் ஜாஸ்தி. என்னைக் கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 4, ஞாயிறு

வழக்கம்போல் சாத்தூர் போய் அண்ணனுக்குப் பேப்பர் வாசித்துவிட்டு வந்தேன்.

அண்ணன் செண்பகராஜ் மினிபஸ் டிரைவராக இருந்தவன். போன ஆடியில் வலது கண்ணின் நடுப்பகுதி மறைந்தது. ஆளைப் பார்த்தால் முகம் இருக்காது, இரண்டு காதும் மட்டும் தெரியும் என்பான். சூட்டினால் வந்தது என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டே இருந்தான். மதுரைக்குப் போனபோது தழும்பாகிவிட்டது. அடுத்து இடது கண்ணிலும் ஆரம்பித்தது. அதற்கு ஊசி போட்டுப் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான், பஸ் ஏறுகிறான். பொடி எழுத்து மட்டும் தெரியாது. எதையும் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறான். "பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இப்படி ஓரக்கண்ணால பாத்ததில்ல" என்று மதினியைச் சீண்டுகிறான்.

மதினிக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. ஆனால் பேப்பரை விரித்தால் கண்ணீர் அஞ்சலியில்தான் ஆரம்பிப்பாள். ஒவ்வொரு போட்டோவுக்கும் நின்று "சின்ன வயசுதான்" என்று உச்சுக் கொட்டுவாள். அதனால் அண்ணன் அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போட்டு என் தலையில் கட்டிவிட்டான். எனக்கும் அதுதான் வாரத்தில் பிடித்த நேரம்.

அய்யாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் இந்த வயதில்தான் பார்வை போனது. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டார் என்று ஊரே சொன்னது. அன்றிலிருந்து கிரகணம் என்றால் எங்கள் வீட்டில் ஜன்னல் சந்தில்கூடத் துணி அடைப்பார்கள்.

"மதுரை டாக்டரம்மா உன்னையும் ஒருதரம் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க" என்றான் அண்ணன்.

"நோட்டு சீசன்ணே. ஜூன் வரைக்கும் மூச்சுவிட நேரமில்ல."

ஜனவரி 9, வெள்ளி

அடுப்படி டியூப்லைட் செத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரிடம் புதுசு மாட்டச் சொன்னேன். மாட்டினார். புதுசும் மங்கல். இப்போது வருகிற எந்தப் பொருளும் உருப்படி இல்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. மதி வந்திருக்கிறாள், இளைத்துவிட்டாள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் டைரி நாறும்.

சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போனது. எல்லோரும் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நான் கரும்புக் கட்டில் இடறி விழப் பார்த்தேன். இவர் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட இவரும் எழுந்து வருகிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத பாசம். இவர் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசில் யாராவது மாத்திரை கொடுத்திருப்பார்களோ? மதி எங்களைப் பார்த்துக் கெக்கலித்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

அண்ணனுக்கு ஊசி நாள். மதினிக்குக் காய்ச்சல், அதனால் நான் மதுரைக்குக் கூடப் போனேன்.

அண்ணனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். புரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

"உடம்புல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல வலை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். பழசை வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடுறது தினமும் நடக்குற வேலை. வெட்டுறதுக்குன்னு சில புரதம் இருக்கு. அது கண்டபடி வெட்டிடாம தடுக்குறதுக்கு இன்னொண்ணு இருக்கு. அந்தத் தடுப்பைச் செய்யுற ஜீனுக்கு டிம்ப்-3னு பேரு. உங்க அண்ணனுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

"ஒரு எழுத்துதானா?" என்று கேட்டேன். பிரஸ்காரி அல்லவா, ஒரு எழுத்துப் பிழையெல்லாம் எனக்குப் பெரிசில்லை.

"ஒண்ணே போதும். தடுப்பு சரியான உருவத்துல வர்றதில்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, விழித்திரைக்குக் கீழ ஒரு மெல்லிசு சவ்வுல போய்த் தேங்கிடுது. சவ்வு தடிச்சுப்போகுது. திரைக்குச் சத்து போய்ச் சேரல. அப்புறம் கீழயிருந்து வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சு மேல வந்து கசியுது."

காவலுக்கு நிறுத்திய ஆளே வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டால் வீட்டுக்குள் பால்காரன் எப்படி வருவான்? அந்த மாதிரி என்று விளங்கிக்கொண்டேன். சொன்னேன். டாக்டரம்மா சிரித்து, ஏறக்குறைய அப்படித்தான் என்றார்.

அய்யா கதையையும் கேட்டுக்கொண்டார். "அவருக்கும் இதுவா இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. பெரும்பாலும் நாப்பதுக்கு மேலதான் காட்டும். முதல்ல மங்கல் வெளிச்சத்துல தடுமாறும். அப்புறம் நேர்க்கோடு வளைஞ்சு தெரியும். வளைஞ்சா உடனே வந்துடணும். சீக்கிரம் ஊசி போட்டா பார்வையைக் காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா தழும்பாயிடும், அதுக்கு மருந்தே இல்ல. நீங்க இன்னிக்கே கண்ணைக் காட்டி, ரத்தமும் குடுத்துட்டுப் போங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நாங்க ரத்தம் குடுக்கிறதில்ல" என்றேன்.

அண்ணன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை, நல்லவன்.

கோடு வளைந்தால் கண்டுபிடிக்க என்னைவிடப் பெரிய ஆள் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்? அதனால் எனக்குக் கவலை இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

கவலை இல்லை என்று எழுதியிருக்கிறேன். சரிதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சாத்தூர். பேப்பர்க்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. எழுத்து அழிந்து அழிந்து கிடக்கிறது. தலைப்பு தெரிகிறது, அடியில் இருப்பது நடுவில் காணாமல் போகிறது. அண்ணன் ஆசையாக உட்கார்ந்திருந்தான். தெரியாத இடத்தில் நானே கொஞ்சம் சேர்த்து வாசித்தேன். கலெக்டர் ஆபீசுக்குள் ஓர் எருமை புகுந்து, மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் நின்றது என்று அடித்துவிட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எருமைக்கு என்ன குறையாம்?"

"புல் இல்லையாம்."

"டோக்கன் குடுத்தாங்களாமா?"

கொடுத்தார்கள் என்றேன். இவ்வளவு சிரித்து நான் அவனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. இதில் என்ன தப்பு?

பிப்ரவரி 5, வியாழன்

முன் ஜன்னலுக்கு மாட்டிய புதுக் கம்பி கோணல். வெல்டிங்காரனை வரச் சொல்லிச் சண்டை போட்டேன். அவன் நூல் பிடித்துக் காட்டினான். நூலும் கோணல் என்றேன். அவன் இவரைப் பார்த்தான், இவர் அவனைப் பார்த்தார். ஆம்பிளைகள் எல்லாம் ஒரே கூட்டணி. இவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, "தவமணி, கண்ணாடி மாத்துவோமா?" என்றார்.

"கம்பிய மாத்துங்க" என்றேன்.

போய்ப் பாத்திரம் விளக்கினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சாத்தூர். இன்றைக்கு என் கற்பனைக்கு நல்ல வேலை. மழை பெய்யும் என்றேன், தாயில்பட்டியில் ஒருவர் தோட்டத்தில் ஒற்றைக் கத்திரிக்காய் மூன்று கிலோவுக்குக் காய்த்தது என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, போதும்மா" என்று பேப்பரை வாங்கி மடித்து வைத்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். மதினி கொடுத்த காப்பி ஆறிப்போனது.

பஸ் ஏற்றிவிட வந்தவன், "மாப்ளைய எனக்குப் போன் போடச் சொல்லு" என்றான். என்ன விஷயமாம்? மச்சானும் மாப்பிள்ளையும் போனில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் உள்ளே போனால் கிரிக்கெட் என்கிறார்கள். இவருக்குக் கிரிக்கெட்டில் மட்டை எது, பந்து எது என்று தெரியாது.

பிப்ரவரி 12, வியாழன்

மதி போன் செய்தாள். அவர்கள் வகுப்பில் பரம்பரை நோய்களைப் பற்றிப் பாடமாம். "மாமாவுக்கு வந்திருக்கிறதுக்கு நீ டெஸ்ட் எடுத்தியாம்மா?" என்று கேட்டாள். சீசன் முடியட்டும் என்றேன். "நீ எடுத்தாத்தானேம்மா நான் எடுக்கணுமா வேண்டாமான்னு தெரியும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை. எனக்கு இருந்தால் அவளுக்குப் பாதிக்குப் பாதி. அதனால் நான் பார்க்காதவரை என் பிள்ளைக்கு அது இல்லை. இது அறிவுள்ளவள் பேசுகிற பேச்சில்லை என்று எனக்கே தெரிகிறது. பெற்றவள் பேசுகிற பேச்சு.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் கணக்கு நோட்டு ஓடியது. கட்டம் போட்டது. ஒரு தாளை உருவிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் நாலைந்து கட்டம் உள்ளே இழுத்துக் கொண்டிருந்தது, யாரோ விரலால் அமுக்கியது போல. நிறுத்து என்று கத்தினேன்.

மிஷின்மேன் அழகர்ராஜா நிறுத்தினான். பேப்பர் ரோலை இறக்கி, உருளையைத் துடைத்து, திரும்ப மாட்டி ஓட்டினான். அதே கோணல். மறுபடி இறக்கச் சொன்னேன். மறுபடியும் அதே இடம். பைண்டிங் பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் லோடு போகவேண்டியது. அண்ணாச்சி வந்துவிட்டார். அழகர்ராஜா ஸ்டீல் ஸ்கேலைத் தாளில் வைத்துக் காட்டினான்.

"அக்கா, ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவுல வெளிச்சமே தெரியல. நேராத்தான் இருக்கு."

"ஸ்கேல் தேஞ்சிருக்கும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாளைத் திருப்பிப் பாருங்கக்கா" என்றான்.

திருப்பிப் பார்ப்பது நான் வைத்த வழக்கம். கோணல் சந்தேகம் வந்தால் தாளைக் கால்வட்டம் திருப்பவேண்டும். கோணல் தாளில் இருந்தால் தாளோடு சேர்ந்து அதுவும் திரும்பும். மேலே இருந்தது பக்கவாட்டுக்கு வரும். இத்தனை வருஷம் அந்த ஒரு காரியத்தை வைத்துத்தான் நான் சரி தப்பு சொல்லியிருக்கிறேன்.

திருப்பினேன். கோணல் திரும்பவில்லை.

தாள் சுற்றி வந்தது. கோணல் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு தாளை எடுத்தேன். தலைகீழாகப் பிடித்தேன். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தேன், அதிலும் நடுவில் இருந்த தேதிகள் உள்ளே இழுத்துக் கொண்டிருந்தன. வலது கண்ணைத் திறந்து இடதை மூடினேன். எல்லாக் கட்டங்களும் பளிச்சென்று நேராக நின்றன. திரும்ப மாற்றினேன். சரிந்தன.

கோணல் தாளிலும் இல்லை, மிஷினிலும் இல்லை.

"ஓட்டுப்பா. நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தலைவலி" என்றேன். அண்ணாச்சி சோடா வாங்கிவரச் சொன்னார். பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார். அழகர்ராஜா போன் செய்திருக்கிறான். நான் வாசலிலேயே அழுதேன். தெருவே பார்த்தது, பார்க்கட்டும்.

"தீவாளிக்கு நீ வெளக்கேத்தும்போதே தெரியும்" என்றார் இவர். "திரிய விட்டுட்டுப் பக்கத்துல தீக்குச்சிய நீட்டுன. கேட்டா கத்துவ. மச்சான் போன் போடச் சொன்னப்பத்தான் அவருட்ட சொன்னேன். அவரு, நானே சொல்றேன் மாப்ள, பக்குவமாச் சொல்லணும்னாரு. நாளைக்கு மதுரைக்குப் போறதுன்னு நாங்க போன வாரமே முடிவு பண்ணிட்டோம். உன்ட்ட எப்படிச் சொல்றதுங்கிறதுதான் பாக்கி."

கிரிக்கெட்!

பிப்ரவரி 20, வெள்ளி

காலை பஸ்ஸில் அண்ணன் தனியாக வந்து இறங்கினான். வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் காராச்சேவுப் பொட்டலம். நான் வாசலில் நின்றிருந்ததைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டம்மாவிடம் போய் "கிளம்பலாமாம்மா" என்றான். அந்த அம்மாள் பயந்துவிட்டார்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்துக்கொண்டார்கள், நான் குதித்து ஓடிவிடுவேன் என்பது போல.

"உனக்கு எப்பண்ணே தெரியும்?"

"எருமை வந்தப்பவே தெரியும். நான் தினமும் காலைல ரேடியோல செய்தி கேட்டுருவேன் தவம். பேப்பர்ல என்ன வரும்னு நீ வாசிக்கிறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னை ஞாயித்துக்கிழமை தோறும் வரச் சொல்லி வாசிக்கச் சொன்ன?"

"நீ வரணும்ல" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள முடியாது, ஜன்னலோரம் இவர் இருந்தார். அதனால் நடு பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்தவேண்டியதாயிற்று.

திருமங்கலம் தாண்டும்போது அண்ணன் சொன்னான்: "அன்னிக்கு நீ சிரிச்சிட்டே வாசிச்ச. சொல்ல மனசு வரல. அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன், அப்பவும் வாய் வரல. நான் சொட்டு மருந்து விட்டு என் கண்ணைக் கெடுத்தேன். உன்னைப் பேசாம இருந்தே கெடுத்துருவேனோன்னு நேத்து மாப்ள போன் பண்ணுறவரைக்கும் பயந்துக்கிட்டே கிடந்தேன்."

கண்ணுக்குச் சொட்டு விட்டு, படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது கண்ணில் கசிவு. புதுசு, இன்னும் தழும்பாகவில்லை என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது, கசிவு இல்லை. அடுத்த சில வாரம் விட்டிருந்தால் கதை வேறு என்றார். ஊசியை இன்றைக்கே போட்டார்கள். கண்ணில் ஊசி என்றால் நினைக்கத்தான் பயம். மரத்துப்போகிற மருந்து விட்டதால் அமுக்கியது போலத்தான் இருந்தது. இவர்தான் வெளியே மயங்கி விழப் பார்த்தாராம், அண்ணன் பிடித்துக்கொண்டானாம். கண் தெரியாதவன் கண் தெரிந்தவரைப் பிடித்துக் கொண்டிருக்கிறான்.

ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். "இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான்மா" என்றார் டாக்டரம்மா. மறக்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

கண் சிவப்பு குறைந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் கணக்கு நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டி, நடுவில் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். காலையில் பல் விளக்கியதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்கவேண்டும், கட்டம் வளைகிறதா என்று. டாக்டரம்மா அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். எங்கள் தாளின் ரூலிங் அதைவிட நன்றாக இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

சந்திர கிரகணம். கோயில் நடை சாத்திவிட்டார்கள். அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் திடீரென்று சொன்னான். "தவம், அய்யா அந்தக் கிரகணத்தைப் பாக்கவே இல்ல. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னிக்கு அவரு கதவைச் சாத்திட்டு உள்ள என்கூடத் தாயம் விளையாடிட்டு இருந்தாரு. மூணு ஆட்டம் தோத்தாரு. ஊரு சொல்லுச்சுன்னு அவரும் நம்பிட்டாரு. சாகுறவரைக்கும் புத்தியில்லாமப் பாத்துட்டேன்னு தன்னையே திட்டிட்டு இருந்தாரு."

பாவம் அய்யா. ஒரு தப்பும் செய்யவில்லை. அய்யா இருந்தால் இப்போது போய்ச் சொல்லிக் கட்டிப்பிடித்துக் கொள்ளலாம்.

எல்லோரும் மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் இவர் என்னைப் பிடித்துக்கொண்டார், மதினி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். நிலா பாதி கடித்த அப்பம் போல எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கிரகணத்தை நேரே பார்த்தது நாங்கள்தான் முதல். மதினி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

முடிவு வந்தது. இருக்கிறது. அண்ணனுக்கு எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியதோ அதே இடம், அதே எழுத்து.

மதிக்கு நானே போன் செய்தேன். பாதி ராத்திரி வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "உனக்கும் இருக்கலாம்டா, என்னை மன்னிச்சிரு" என்று உளறினேன். அவள், "உன் வாய் எனக்கு வந்துச்சே, அதுக்கு ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டியா?" என்றாள். பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன். டெஸ்ட்டை எப்போது எடுப்பது என்று யோசித்து அவளே சொல்வாளாம். அவசரமில்லை, எடுப்பதும் விடுவதும் அவள் இஷ்டம் என்று டாக்டரம்மாவும் சொன்னார். அவளுக்கு நாற்பது ஆக இன்னும் இருபது வருஷம் கிடக்கிறது. அதற்குள் அந்தக் காவல்காரனை வாசலிலிருந்து எழுப்ப யாராவது வழி கண்டுபிடிக்கமாட்டார்களா? கண்டுபிடிக்கட்டும். அதுவரை ஃபிரிட்ஜில் தாள் ஒட்டத் தெரிந்த அம்மா இருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

முந்தாநாள் இரண்டாவது ஊசி. கண் கரகரக்கிறது. பிரஸ்ஸுக்கு ஒரு வாரம் லீவு. போன வாரம் அண்ணாச்சி, "மிஷினை நிறுத்துனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தவமணி. செக்கிங் சீட்டுல வேற ஆளைப் போடல. இனிமே வலது கண்ணால பாரு" என்றார். வலது கண்ணால் தாள் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடக்கைக்காரி வலக்கையால் கோலம் போடுகிற கதைதான்.

சாத்தூருக்கு நான் போகவில்லை என்று அண்ணன் வந்துவிட்டான். என்னைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, பேப்பரை முழுசாக விரித்தான்.

"இன்னிக்கு நான் வாசிக்கேன்."

"நீயா?"

"ஏன், நீ மட்டும்தான் வாசிக்கணுமா?" என்று தொண்டையைச் செருமினான். "சிவகாசி, மார்ச் இருபத்திரண்டு. நேரா இருந்த கோட்டைக் கோணல்னு சொல்லி மிஷினை நிறுத்துன பொண்ணை போலீஸ் தேடுது. துப்புக் குடுக்கிறவங்களுக்கு ஒரு குயர் நோட்டு இனாம்."

இவர் அடுப்படியிலிருந்து சிரித்தார்.

"அடுத்த செய்தி. கலெக்டர் ஆபீசுக்குப் போன எருமையோட மனு ஏத்துக்கப்பட்டது. புல்லுக்கு உத்தரவு. எருமை பேட்டி குடுக்கும்போது, இதெல்லாம் சாத்தூர் செண்பகராஜோட தங்கச்சி எடுத்த முயற்சின்னு கண்ணீர் மல்கச் சொல்லுச்சு."

அவன் வாசித்துக்கொண்டே போனான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எழுத்தைத் தேடுகிறவன் மாதிரி விரலைக்கூட ஓட்டினான். அவன் விரித்துப் பிடித்திருந்த பேப்பரின் வெளிப்பக்கம் எனக்கு நேராக இருந்தது. முழுப் பக்க நகைக்கடை விளம்பரம். ஆரம், வளையல், கொட்டை எழுத்தில் தள்ளுபடி.

வலது கண்ணைக் கையால் மூடினேன். கரகரத்த இடது கண்ணால் பார்த்தேன். ஆரம் வளையவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் லேசாக ஒரு நெளிவு, பரவாயில்லை. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி இருந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

"ஏன் சிரிக்க? இன்னும் நான் முக்கியமான செய்திக்கே வரலையே" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. நீ வாசி" என்றேன்.